அது என்ன பச்சை, டீச்சர்?

2023ஆம் ஆண்டு பிப்ரவரி. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை மருத்துவ விடுப்பில் இருந்ததால், ஒன்பதாம் வகுப்பின் 'தொலை நுண்ணுணர்வு' பகுதி அறிவியல் ஆசிரியையான என்னிடம் வந்து சேர்ந்தது. வரையறையைச் சொல்லி, புத்தகத்தில் இருக்கும் படத்தைக் காட்டி, இரண்டு மதிப்பெண் வினாவோடு முடித்திருக்கலாம். ஹைடெக் லேபில் அன்றைக்கு இணையம் ஓரளவு வேலை செய்தது. நம் ஊரையே செயற்கைக்கோள் படத்தில் காட்டிவிடுவோமே என்று வகுப்பு முழுவதையும் அழைத்துப் போனேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு, பிறகு கடல். திரையில் ஏரி தெரிந்ததும் "எங்க வூடு, எங்க வூடு" என்று கூச்சல். பயிர்களின் பசுமையைக் காட்டும் வண்ணப் படத்துக்கு மாற்றினேன். அதில் செழித்த இடம் கரும்பச்சை, வெற்று நிலம் பழுப்பு. நான் விளக்கவே தேவையில்லாமல் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். பழுப்பாக இருந்த ஒரு துண்டைக் காட்டி ஒருவன், முன்வரிசையில் இருந்த மாணவியைப் பார்த்து, "உங்க வயல் காஞ்சி போச்சு" என்றான். வகுப்பு சிரித்தது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காயல டீச்சர். சம்பா அறுத்துட்டோம். நெல்லு வூட்ல இருக்கு" என்றாள்.

நான் சமாளித்துக்கொண்டு படத்தின் மறுபக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு துண்டு நிலம் ஊரிலேயே அடர்ந்த பச்சையாக இருந்தது. "பாருங்க, இதுதான் நல்லா பராமரிச்ச நிலம். யாரோடது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான்: "இவனோடது டீச்சர். அதுல ஒண்ணும் போடல. வேலிகாத்தான் மொளச்சிருக்கு."

வேலிகாத்தான் என்று எங்கள் பக்கம் சொல்வது சீமைக் கருவேலத்தை. அந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பாகிப்போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதும், அவன் அப்பா மறைமலை நகரில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்வருகிறார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விளைந்து வீடு வந்த நிலத்தைக் காய்ந்தது என்று சிரிக்க விட்டேன். கைவிட்ட நிலத்தை ஊரிலேயே சிறந்தது என்று பாராட்டினேன். செயற்கைக்கோள் தவறு செய்யவில்லை. அது சொன்னதை நான் படித்த விதம்தான் தவறு. அன்றிலிருந்து இரண்டரை ஆண்டுகளாக மாணவர்களும் நானும் கற்றுக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது?

இலையில் உள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது என்பது நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடம். நாம் வழக்கமாகச் சொல்லாமல் விட்டுவிடுவது, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை என்ன செய்கிறது என்பதை. அதை இலை வைத்துக்கொள்வதில்லை. இலைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சி பாரன்கைமா செல்களும் அவற்றுக்கு இடையே உள்ள காற்றிடைவெளிகளும் அந்த ஒளியைச் சிதறடித்துப் பெருமளவைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால் நலமான இலை சிவப்பில் இருட்டாகவும் அகச்சிவப்பில் பளிச்சென்றும் இருக்கும். வாடிய பயிர், காய்ந்த தாள், வெறும் மண் ஆகியவற்றில் இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

"கண்ணுக்குத் தெரியாத ஒளி" என்றதும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராது. அதற்கு டிவி ரிமோட் போதும். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் விளக்கு மின்னும். சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் தெரியாமல் போகலாம். வேறு கைப்பேசியில் பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வாயைப் பிளப்பார்கள்.

அடுத்தது கணக்கு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்தான் என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீடு. ஓர் இலைப்பரப்பு சிவப்பில் 5 விழுக்காட்டையும் அகச்சிவப்பில் 45 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். 0.45இல் 0.05 போனால் 0.40, கூட்டினால் 0.50, வகுத்தால் 0.8. சிவப்பு 0.20, அகச்சிவப்பு 0.30 என்றிருக்கும் காய்ந்த நிலத்துக்கு 0.2. ஏரித் தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் 0.04, 0.02 என்று வைத்தால் விடை குறை எண்ணாக வரும். குறை எண் எங்கே பயன்படும் என்று கேட்கும் எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கழித்ததை ஏன் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டாள். வெயில் கூடக்குறைய இருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்கும், வகுத்துவிட்டால் அந்த வேறுபாடு பெருமளவு அடிபட்டுப்போகும். பின்னத்தின் மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் மதிப்பு மாறாது என்ற பழைய பாடம்தான் இது.

படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் எவ்வளவு என்பதையும் கணக்காகவே கொடுத்தேன். இதைச் சதுர மீட்டரில் சொல்லிப் பயனில்லை, எங்கள் ஊரில் நிலத்தைச் சென்டில்தான் பேசுவார்கள். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். அமெரிக்காவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி 250 மீட்டர், அதாவது சுமார் 15 ஏக்கர். நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் ஏவிஃப்ஸ் கருவிக்கு 56 மீட்டர், சுமார் 77 சென்ட். லேண்ட்சாட்டுக்கு 30 மீட்டர், 22 சென்ட். ஐரோப்பிய விண்வெளி முகமையின் செண்டினல்-2இல் சிவப்பும் அகச்சிவப்பும் 10 மீட்டர், இரண்டரை சென்ட். விடை வந்ததும் பிள்ளைகள் தங்கள் வீட்டு நிலத்தை இந்த எண்களால் வகுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஏக்கர் நிலம் செண்டினலில் நாற்பது புள்ளி. மோடிஸில் அதே நிலம், பக்கத்து வயல்கள், வரப்புப் பனைமரம், வாய்க்கால், மாட்டுக்கொட்டகை எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு புள்ளிக்குள் பதினைந்தில் ஒரு பங்கு. "அப்போ எங்க வயல் அதுல தெரியவே தெரியாதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். தெரியாதுதான்.

அப்படியானால் அந்தப் பெரிய புள்ளிப் படம் எதற்கு? வேகத்துக்கு. 1999 டிசம்பரில் டெர்ராவும் 2002 மே மாதத்தில் அக்வாவும் ஏவப்பட்டன. பெரும்பாலும் நாள்தோறும் உலகத்தையே பார்த்துவிடும் கருவி அவற்றில் இருக்கிறது. எடுத்த படம் மூன்று மணி நேரத்துக்குள் நாசாவின் இணையதளத்துக்கு வந்துவிடும் ஏற்பாடும் உண்டு. செண்டினல்-2 நுணுக்கமானது. இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறிச் சுற்றுவதால் ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வரும். வருவது காலை பத்தரை மணியை ஒட்டி. அந்த நாள்களில் இடைவேளை நேரத்தில் சில பிள்ளைகள் மைதானத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கையசைப்பார்கள். 786 கிலோமீட்டர் உயரம் என்று சொல்லிவிட்டேன், நிறுத்தியபாடில்லை.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். நடைமுறைப் பயன்பாட்டுக்கான முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அடுத்த ஆண்டே, 1989இல், செயற்கைக்கோள் தாவரக் குறியீட்டை வைத்து வேளாண் வறட்சியைக் கண்காணிக்கும் 'நாடாம்ஸ்' என்ற தேசியத் திட்டம் தொடங்கிவிட்டது. 2012இல் தொடங்கப்பட்ட மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இப்போது அந்தப் பணியைச் செய்கிறது. ரிசோர்ஸ்சாட்-2ஏ, நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2016 டிசம்பர் 7 அன்று போனது. சரியாக ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்து வண்டலூர் உயிரியல் பூங்காவின் மரங்களைச் சாய்த்துப் போட்டது. அந்த ஆண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேகம் என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நமக்குத் தேவையான மாதங்களில்தான் இந்தச் செயற்கைக்கோள்களுக்குக் கண் தெரியாது. நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சம்பா வளர்வதும் அப்போதுதான், புயல் வருவதும் அப்போதுதான், மேகம் மூடுவதும் அப்போதுதான். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த இரவை எங்கள் பிள்ளைகள் யாரும் மறக்கவில்லை. தகரக் கூரை பறந்த சத்தத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள். மறுநாள் செயற்கைக்கோள் படம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். விழுந்த மரம், முறிந்த சவுக்கு, மூழ்கிய வயல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புயல் நாள்களின் படங்களைத் திறந்து காட்டினேன். வெள்ளைவெளேரென்று மேகம்.

மேகத்தை மீற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பத்து அல்லது பதினாறு நாள் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நல்ல மதிப்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரே படமாகத் தைப்பது. மேகம் எப்போதும் தாவரக் குறியீட்டைக் குறைத்தே காட்டும் என்பதால், பெரும்பாலும் அதிக மதிப்புதான் நல்ல மதிப்பு. கெட்டுப்போன தேர்வுத்தாளை ஒதுக்கிவிட்டு மீதியில் சிறந்ததை எடுப்பது போல. இதற்கு நாம் கொடுக்கும் விலை நாள்கள். பதினாறு நாள் தொகுப்பில் ஒரு வாரத்துக்கு முந்தைய பச்சையும் நேற்றைய பச்சையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வழி ரேடார். செண்டினல்-1 சூரிய ஒளிக்காகக் காத்திருப்பதில்லை. தானே நுண்ணலையை அனுப்பி எதிரொலிப்பதைப் பதிவு செய்யும். மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை. நெல்லுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நடவுக்கு முன் தண்ணீர் தேங்கிய வயல் ரேடாரில் கறுப்பாகத் தெரியும், பயிர் எழும்ப எழும்ப வெளுத்துக்கொண்டே வரும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்தின் சார்மேப் நிறுவனம் ஆகியவை சேர்ந்த 'ரைஸ்' திட்டம் இந்த முறையில்தான் நம் மாநிலத்தின் நெல் பரப்பை வரைந்தது. அதற்கும் சிக்கல் வராமல் இல்லை. இரட்டையரில் ஒன்றான செண்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது. மாண்டஸ் வந்தபோது ஒன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. 1சி விண்ணுக்குப் போனது 2024 டிசம்பரில்.

இனி, நான் பிப்ரவரியில் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். ஒரு வயலின் எண் 0.3 என்று வருகிறது. அது நல்லதா கெட்டதா?

இதற்குப் பதில் சொல்ல, அது என்ன நாள், என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்று தெரிய வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஒரே ஊரில் ஒருவர் சம்பா அறுக்கும்போது இன்னொருவர் நவரை நட்டிருப்பார். நடவு செய்த பத்தாம் நாள் வயலில் பயிரைவிடத் தண்ணீர்தான் அதிகம் தெரியும், எண் தரையில் கிடக்கும். பயிருக்கு ஒரு குறையும் இருக்காது. பூக்கும் பருவத்தில் உச்சிக்குப் போகும். கதிர் முற்றிப் பழுக்கும்போது தானாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து நோய் என்று நினைத்தால் விவசாயி நம்மைப் பார்த்துச் சிரிப்பார். மதுராந்தகம் பக்கம் கோடையில் போடும் தர்பூசணியில் கொடிக்கும் கொடிக்கும் இடையே வெறும் மண் தெரியும். எண் குறைவாகவே இருக்கும், அந்த ஆண்டு விலை நன்றாக இருந்தால் அந்த வீட்டில்தான் புது வண்டி நிற்கும்.

அதனால்தான் வல்லுநர்கள் ஒரு நிலத்தை அடுத்த நிலத்தோடு ஒப்பிடுவதைவிட, அதே நிலத்தின் அதே வாரத்தை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபெலிக்ஸ் கோகன் உருவாக்கிய தாவர நிலைக் குறியீடு இப்படிப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்த இடம் அந்த வாரத்தில் தொட்ட மிகக் குறைந்த எண் 0, மிக உயர்ந்த எண் 100 என்று வைத்துக்கொண்டு, இன்றைய எண் இடையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. 35 வாங்கும் பிள்ளை 50 வாங்கினால் நாம் மகிழ்கிறோம், 95 வாங்குகிறவள் 70 வாங்கினால் என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைச் சொன்னபோது, "நீங்க எங்கள அப்படியா டீச்சர் பாக்குறீங்க?" என்றார்கள். அதற்குமேல் அந்த உதாரணத்தை நான் நீட்டவில்லை.

இந்த ஒப்பீடு வகுப்பறைக்கு வெளியே எங்கே போய் முடிகிறது என்பதற்கு 2016ஐவிட நல்ல சான்று இல்லை. அந்த அக்டோபர்–டிசம்பரில் மாநிலத்தின் சராசரி மழை 440 மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டும். பெய்தது 168. வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. வர்தாவில் மரம் விழுந்த அதே பருவத்தில்தான் இது. புயலையும் வறட்சியையும் ஒரே மாதத்தில் பார்த்த மாவட்டம் நம்முடையது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2016 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழை, மண் ஈரம், விதைப்புப் பரப்பு, நீர்நிலை ஆகியவற்றோடு செயற்கைக்கோள் தாவரக் குறியீட்டையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. வயலுக்குப் போய் நேரில் சரிபார்ப்பதையும் வைத்திருக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் விதைக்க முடியாமல் போன நிலம், விளைச்சல் குறைந்த ஊர் ஆகியவற்றை அறியச் செயற்கைக்கோள் படம் பயன்படுகிறது.

காப்பீட்டில் பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமம் முழுவதற்கும் ஒரே கணக்கு. இங்கேதான் அந்த வேலிகாத்தான் எனக்கு உறுத்துகிறது. முதலில் எது பயிர் நிலம் என்று பிரித்த வரைபடத்தைப் போட்டு, மற்ற இடங்களை மறைத்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். அந்த வரைபடம் பழையதாக இருந்தால்? நான்கு ஆண்டுக்கு முன் நெல் விளைந்த நிலம் இன்னும் நெல் நிலமாகவே கருதப்பட்டால்? எந்த வறட்சிக்கும் அசையாத அந்த முள்ளின் பச்சை, பக்கத்தில் உண்மையாகவே வாடும் நெல்லோடு சேர்ந்து சராசரியை உயர்த்திக் காட்டும். வரைபடத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தால் தவிர்த்துவிடலாம். புதுப்பிக்க, அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் சர்வே எண் வாரியாகப் பயிரைப் பார்த்து அடங்கலில் எழுதுவது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. இன்னும் பின்னால் போனால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை, நிலம், ஏரி, வீடு, விளைச்சல் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார். ஊர்க் கணக்கர்களின் ஓலைகள் இல்லாமல் அவரால் அதைச் செய்திருக்க முடியாது.

எங்கள் வகுப்பில் நாங்கள் செய்தது ஒரு சிறிய அடங்கல். 'வயல் குறிப்பேடு' என்று பெயர் வைத்தோம். அந்த பிப்ரவரிக்குப் பிறகு வந்த சம்பாவில் தொடங்கினோம். பள்ளிக்கு வரும் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு நிலத்தை ஒவ்வொரு குழுவும் எடுத்துக்கொள்ளும். வயலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சவுக்குத் தோப்பு, ஏரியின் உள்பகுதி, புறம்போக்கு, வேலிகாத்தான் காடு எல்லாம் உண்டு. செண்டினல்-2 வரும் நாள்களைப் பழைய படங்களின் தேதியோடு ஐந்தைந்தாகக் கூட்டி நாள்காட்டியில் வட்டமிட்டோம். வட்டமிட்ட நாளில் அந்த நிலத்தைப் பார்த்து எழுத வேண்டும்: என்ன இருக்கிறது, நட்டு எத்தனை நாள், முழங்கால் உயரமா இடுப்பு உயரமா, தண்ணீர் நிற்கிறதா, இலை நிறம் எப்படி, கடைசியாக மழை என்றைக்கு. நெல்லுக்கு வேளாண் துறையினர் பயன்படுத்தும் இலை வண்ண அட்டை கிடைத்தால் நல்லது. எங்களுக்கு முதல் பருவத்தில் கிடைக்கவில்லை, 'கிளிப்பச்சை', 'கரும்பச்சை', 'மஞ்சள் தட்டியது' என்று எழுதினோம். பிறகு லேபில் இணையம் கிடைக்கும் நாளில், கட்டணமின்றிக் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் உலாவியில் அந்தத் தேதியின் படத்தைத் திறந்து எண்ணைப் பக்கத்தில் எழுதுவோம். முதலில் குறிப்பு, பிறகு எண். இந்த வரிசையில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எண்ணைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளின் கண் அதற்கேற்ற வயலைத்தான் பார்க்கிறது. என் கண்ணும் அப்படித்தான்.

குறிப்பேட்டில் சில பக்கங்கள் எனக்கே பாடம். கடற்கரைப் பக்கச் சவுக்குத் தோப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருந்து, ஒரு வட்டத்தில் திடீரென்று சரிந்தது. புயலும் இல்லை, தீயும் இல்லை. அந்தக் குழுவின் குறிப்பில் ஒரே வரி: 'வெட்டி லாரியில் ஏற்றினார்கள்.' ஏரியில் ஒரு மூலை நீருக்கு உரிய குறை எண்ணிலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்து வந்தது. தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருக்கும் என்று நான் சொன்னேன். போய்ப் பார்த்த பிள்ளைகள் ஆகாயத்தாமரை என்று எழுதி வந்தார்கள். தண்ணீர் அப்படியேதான் இருந்தது, மேலே போர்வை போர்த்தியிருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை ஒட்டிய பக்கங்களில் எண் எழுத வேண்டிய இடத்தில் வரிசையாக 'மேகம், மேகம், மேகம்'. குறிப்பு எழுதும் இடம் மட்டும் நிரம்பியிருக்கிறது: 'வரப்பு வரை தண்ணி', 'வடியல', 'நுனி அழுகல்', 'அப்பா மறுபடி நாத்து கேட்டிருக்காரு'. அந்த மூன்று வாரத்துக்கு எங்கள் ஊர் வயல்களைப் பற்றி எங்கள் பள்ளியில் இருந்த சான்று பன்னிரண்டு பிள்ளைகளின் கையெழுத்துதான்.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு அனுபவத்தில் சில. ஐந்து நிலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நான் முதலில் பதினான்கு எடுத்து, நவம்பரிலேயே பாதி நின்றுபோனது. வரப்போரப் புள்ளியைத் தொடாமல் நிலத்தின் நடுப்புள்ளியை எடுங்கள், இல்லையென்றால் பனைமரத்தின் எண் வந்துவிடும். கணித ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டால் வரைபடத்தாளில் கோடு போடும் வேலை அவர் வகுப்பில் முடிந்துவிடும். தொடக்கப் பள்ளியில் கணினி இல்லாமலே குறிப்பேட்டை மட்டும் நடத்தலாம். ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே மரத்தை வரையும் மூன்றாம் வகுப்புக் குழந்தை, இலை உதிர்வதையும் துளிர்ப்பதையும் தேதியோடு சொல்லும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பேட்டில் நிலத்துக்காரர் பெயரையோ சர்வே எண்ணையோ எழுத வேண்டாம். முதல் மாதத்திலேயே ஒரு தந்தை பள்ளி வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, புள்ள வயல பாத்து ஏதோ எழுதுறான். அது எங்க போவுது? ஆபீசுக்குப் போவுதா, இன்சூரன்ஸ்காரங்களுக்கா?" என்றார். கோபம் இல்லை, பயம்தான். அவரை உட்காரவைத்துக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது சொர்ணவாரி இல்லம்மா, பட்டம் தப்பிப் போட்டது" என்று ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டுப் போனார். நிலங்களுக்கு இப்போது அ, ஆ, இ என்றுதான் பெயர். குறிப்பேடு பள்ளியின் அலமாரியை விட்டு வெளியே போவதில்லை. இந்தக் கட்டுரைக்கும் அதிலிருந்து எண் எதையும் எடுக்கவில்லை.

கடைசி வரிசையில் தலை குனிந்த அந்த மாணவன் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான். படித்தவரை, தன் வீட்டு நிலத்தை அவனேதான் எடுத்துக்கொண்டான். பள்ளியில் அவனுடைய கடைசி ஆண்டுப் பக்கங்களில் ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே வரி வருகிறது: 'வேலிகாத்தான். மாற்றமில்லை.' ஒரு கோடை விடுமுறை முழுவதும்கூட விடாமல் எழுதியிருக்கிறான். அதில் ஓரிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள்: '(காய் பழுத்திருக்கு. ஆடு மேயுது. கிணத்துத் தண்ணிய நக்கிப் பாத்தேன், இன்னும் உப்புதான்.)'